சேலத்தில் வீடும் மனையும்: எந்த வேலைக்கு எந்த அலுவலகம்?

“அதான் பத்திரம் பதிவாகிவிடுமே, அப்புறம் என்ன யோசனை?” சேலத்தில் மனை தேடி அலைந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு இது. தரகர் சொன்னார், வீட்டு உரிமையாளர் சொன்னார், டீக்கடையில் பக்கத்தில் நின்றவரும் சொன்னார். அவர்கள் யாரும் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. அவர்கள் ஏறி இறங்கிய அலுவலகம் அது ஒன்றுதான்.

சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறது. அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, அதற்குள் ஓடை போகிறதா, எதிரே உள்ள தெரு பொதுத் தெருவா என்பதெல்லாம் வேறு வேறு அலுவலகங்களின் பொறுப்பு. ஓர் அலுவலகத்தின் கையெழுத்து இன்னோர் அலுவலகத்தில் செல்லாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: நீங்கள் யார் எல்லையில் இருக்கிறீர்கள்?

முகவரியில் ‘சேலம்’ என்று இருந்தால் சேலம் மாநகராட்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1866-இல் நகராட்சியாகத் தொடங்கி 1994-இல் மாநகராட்சியான சேலத்தில் இன்று 60 வார்டுகள் இருக்கின்றன. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். உங்கள் வார்டு எந்த மண்டலமோ, அந்த மண்டல அலுவலகம்தான் வரிக்கும் குழாய்க்கும் சாக்கடைக்கும் உங்கள் வாசல்.

ஆனால் ஏற்காடு அடிவாரத்தை நோக்கிப் போனால் கன்னங்குறிச்சி தனிப் பேரூராட்சி. ஓமலூர் பக்கம் கருப்பூரும், ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணமும் பேரூராட்சிகள். இவற்றுக்கு நடுவிலும் ஓரத்திலும் கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கடைவீதியைப் பார்த்தாலும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாலும் எல்லை எங்கே மாறுகிறது என்று தெரியாது. தெருவில் யாரையாவது நிறுத்தி “சொத்து வரி ரசீதைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்டால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனாலும் கேளுங்கள். அந்த ரசீதின் தலைப்பில் இருக்கும் பெயர்தான் உங்கள் உள்ளாட்சி அமைப்பு.

வருவாய்த் துறையின் எல்லை வேறு. மாநகரமும் அதைச் சுற்றிய பகுதிகளும் சேலம், சேலம் மேற்கு, சேலம் தெற்கு என மூன்று வட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. பட்டா வேலைக்குத் தவறான வட்டாட்சியர் அலுவலகத்தில் அரை நாள் நின்றுவிட்டுத் திரும்பியவர்களில் நானும் ஒருவன். மின்வாரியப் பிரிவு, சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையம் ஆகியவற்றுக்கும் தனித்தனி எல்லைகள். ஒரு தாளில் உள்ளாட்சி, வார்டு எண், வட்டம், வருவாய்க் கிராமம், சார்பதிவாளர் அலுவலகம், மின்வாரியப் பிரிவு என்று ஆறு வரி எழுதி வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். என் வீட்டில் இன்னும் அது கிழியாமல் இருக்கிறது.

வாடகைக்கு வருகிறவர்கள்

வாடகை தொடர்பாகப் பலர் பேச்சில் இன்னும் பழைய சட்டம்தான் ஓடுகிறது. நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டு நிறைவேறி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம். இதன்படி வாய்மொழி ஏற்பாட்டுக்கு இடமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை இணையத்தில் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ‘பதினோரு மாதம்தானே, ஒரு முத்திரைத்தாள் போதும்’ என்கிற வழக்கம் ஊரில் பலமாக இருக்கிறது. தகராறு வரும் வரை அது போதும்தான்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே வரியில் இருக்கிறது. ஆகவே பத்து மாத முன்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரத்தைக் கையெழுத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் வழவழவென்று பேசவில்லை. என்ன சண்டையாக இருந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், அவர் உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது வீட்டு மின் இணைப்புக்கானது. உங்கள் பகுதிக்குத் தனி மீட்டர் இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கப்போகிறாரா என்பதை வீடு பார்க்கும் அன்றே கேளுங்கள். அலமாரியில் எத்தனை தட்டு என்று எண்ணுகிறோம், மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை.

மனை வாங்குகிறவர்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பணம் மொத்தமாகப் போகிற இடம் இது.

விற்பவரிடம் முதல் சந்திப்பிலேயே ஐந்து நகல்கள் கேளுங்கள்: பத்திரமும் தாய்ப்பத்திரமும், வில்லங்கச் சான்று, பட்டா சிட்டா, புல வரைபடம் (சர்வே எண்ணின் எல்லையையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்), மனைப்பிரிவுக்கான அங்கீகார ஆணையும் அதன் வரைபடமும். தயங்குகிறவரிடம் இரண்டாவது சந்திப்பு வேண்டாம். வில்லங்கச் சான்றையும் பட்டா விவரத்தையும் நீங்களே இணையத்தில் எடுக்க முடியும். அவர் கொடுத்த நகலை நம்பாமல் நீங்களே எடுங்கள், முப்பது வருடத்துக்குக் குறையாமல் எடுங்கள். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். பதிவாகாத உயிலும், பதிவாகாத கிரய ஒப்பந்தமும், அண்ணன் தம்பி பாக வழக்கும் அதில் தெரிய வேண்டும் என்கிற கட்டாயமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணம் அதற்காகத்தான்.

பட்டாவில் நிலத்தின் வகையைப் பாருங்கள். கோயில் நிலம், வக்ஃபு நிலம், நீர்நிலைப் புறம்போக்கு என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் என்றால் நிபந்தனை என்ன என்று ஒப்படை ஆணையைப் படிக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பிறர் வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. இது விலை மலிவாகக் கிடைக்கும் நிலங்களில் அடிக்கடி தலைகாட்டுகிற கதை.

அடுத்து அங்கீகாரம். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், எல்லோரும் டி.டி.சி.பி. என்பார்கள். மாநகரையும் சுற்றுப்புறத்தையும் சேலம் உள்ளூர் திட்டக் குழுமம் பார்க்கிறது. இவை 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. தொழில்நுட்ப அனுமதியை இவை தருகின்றன, அதன் பேரில் இறுதி ஒப்புதலை உள்ளாட்சி அமைப்பு தருகிறது. இரண்டும் வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று மட்டும் சொல்லி விற்கும் மனைகளில் முதல் பாதி இல்லை.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதற்குத் தடை 2016-இல் வந்தது. அந்த வருடம் அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த, அதாவது பின்னால் அங்கீகாரம் கொடுக்க, 2017-இல் விதிகள் வந்தன. அதற்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவானது மறுபடியும் பதிவாகும் என்பதால்தான் “பத்திரம் பதிவாகிவிடுமே” என்கிற அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. பதிவாகும், சரி. வரன்முறை ஆணை கையில் இல்லாமல் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பூங்கா இடம் நாளைக்குக் குடோனாக மாறுகிறபோது கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான்.

500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் என்றால் அந்தத் திட்டம் ரெராவில், அதாவது மாநிலக் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை அமைப்பில், பதிவாகியிருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இது. அடுக்குமாடி வாங்குகிறவர்களுக்கு இதில் மூன்று பிடிமானங்கள் உண்டு. பதிவான ஒப்பந்தம் போடாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலில் எழுபது சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். விளம்பரத் தட்டியில் ரெரா எண் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதை அப்படியே குறித்துக்கொண்டு இணையத்தில் போட்டுப் பாருங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண் எல்லாம் பொருந்துகிறதா என்று அதில் தெரியும்.

இனி என் கதை. ஊரின் தெற்குப் பக்கம் ஒரு மனை பிடித்திருந்தது. விலை படிந்துவிட்டது, முன்பணம் கொடுக்க நாளும் குறித்தாயிற்று. முந்தின நாள் இரவு புல வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரித்துப் பார்த்தபோது, என் சர்வே எண்ணின் கிழக்கு ஓரமாக இரண்டு மெல்லிய கோடுகள் இணையாக வளைந்து போயின. அளவெண் எதுவும் ஒட்டாமல் தனியாக ஓடிய கோடுகள். அச்சில் ஏதோ கறை என்றுதான் முதலில் நினைத்தேன்.

காலையில் போய் அந்த மூலையில் நின்றேன். செம்மண் கொட்டி நிரவி, நான்கு பக்கமும் வெள்ளையடித்த கற்கள் நட்டிருந்தார்கள். பக்கத்து வேலியில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம், இங்கே வாய்க்கால் ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஐப்பசியில் வந்து பார், தம்பி. நீ நிற்கிற இடத்தில் முழங்கால் அளவு ஓடும்.”

“மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களே, பாட்டி?”

“மண்ணைக் கொட்டியது மனிதன். தண்ணீருக்கு யார் போய்ச் சொன்னார்கள்?”

வரைபடத்தில் இருந்த இரட்டைக் கோடு ஓடை. பதிவுக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. தரகர் கோபித்துக்கொண்டார், இன்று வரை பேசுவதில்லை.

சேர்வராயன் மலையில் பெய்யும் மழைக்குச் சேலத்துக்குள் பழைய பாதைகள் இருக்கின்றன. திருமணிமுத்தாறு ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. மூக்கனேரி, அல்லிக்குட்டை, எருமாபாளையம், குமரகிரி என்று ஏரிகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. இந்த ஏரிகளுக்கு வரும் வாய்க்கால்களும் போகும் வாய்க்கால்களும் பல இடங்களில் மண்ணுக்கு அடியில்தான் இருக்கின்றன, வரைபடத்தில் மட்டும் அழியவில்லை. எனவே புல வரைபடத்தைப் பார்த்த பிறகு, மழைக்கு மறுநாள் ஒருமுறை இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும்.

பதிவுச் செலவைச் சுருக்கமாகச் சொன்னால், முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 முதல் இரண்டு சதவீதம். இது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின் மீதோ நீங்கள் கொடுக்கும் விலையின் மீதோ, எது அதிகமோ அதன் மீது.

கட்டுகிறவர்கள்

தமிழ்நாட்டில் 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்த பிறகு, மாநகராட்சியோ கிராம ஊராட்சியோ, விதி ஒன்றுதான். 2024 ஜூலை முதல் இன்னும் எளிதாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன் மேல் ஒரு தளமோ கட்டுவதென்றால், சுயசான்று முறையில் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே வந்துவிடும்.

‘உடனே’ என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. யாரும் வந்து பார்க்காமல் அனுமதி கிடைக்கிறது என்றால், தவறு இருந்தால் அது உங்கள் தவறு. பக்கவெளி விட்டிருக்கிறேன், மனை அங்கீகாரம் பெற்றது என்று உறுதி கொடுத்தவர் நீங்கள். கொத்தனார் “அரை அடி தள்ளிப் போட்டால் ஹால் விசாலமாகும்” என்பார். அந்த அரை அடிக்கு முத்திரை வைக்கவும் பூட்டவும் அதிகாரிகளுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. கொத்தனார் அப்போது வேறு வீட்டில் இருப்பார்.

வரி, தண்ணீர், குப்பை

வீடு வாங்கியவர்களுக்கு மூன்று பெயர் மாற்றங்கள் காத்திருக்கின்றன: பட்டா வட்டாட்சியரிடம், சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் உள்ளாட்சியிடம், மின் இணைப்பு மின்வாரியத்திடம். ஒன்று மாறினால் மற்றவை தானாக மாறிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். முழு சர்வே உட்பிரிவையும் வாங்கியிருந்தால் பட்டா எளிதாக மாறும். அதில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால் நில அளவையர் வந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. காலி மனை வாங்கியவர்கள் காலியிட வரியை மறந்துவிடுகிறார்கள். வீடு கட்டிய பிறகு பாக்கி மொத்தமாக வந்து நிற்கும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய்.

தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது, காவிரி நீர். ஒரு காலத்தில் சேலத்தின் தாகம் தீர்த்தது பனமரத்துப்பட்டி ஏரி. அது இன்றும் மாநகராட்சியின் உடைமைதான், நீர் மட்டும் நம்பகமாக இல்லை. வீடு பார்க்கும்போது “தண்ணீர் வருமா?” என்று கேட்காதீர்கள், “வரும்” என்றுதான் பதில் வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில், எத்தனை குடம் பிடிக்கிறீர்கள் என்று எதிர்வீட்டில் கேளுங்கள். பாதாள சாக்கடை இணைப்பு இருக்கிறதா, தெருவில் குழாய் மட்டும் பதித்துவிட்டு விட்டுவிட்டார்களா என்பதும் அங்கேதான் தெரியும். குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். வண்டி வரும் நேரம் தெருவுக்குத் தெரு மாறும்.

கேட்டும் நடக்காவிட்டால்

நேரடியாகக் கலெக்டரிடம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் மனுவை அதே மண்டல அலுவலகத்துக்குத்தான் அனுப்புவார். கீழிருந்து தொடங்கினால் கையில் ஒரு வரிசை எண்ணாவது சேரும். முதலில் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தரமாட்டோம் என்றால் பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு விரைவுத் தபால். வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல். 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பகுதி சபை கூடும் நாளில் பத்துப் பேர் போய் ஒரே கோரிக்கையைச் சொன்னால் அது தீர்மானத்தில் ஏறும். மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. மற்றவற்றுக்கு முதல்வரின் உதவி எண் 1100. திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள்.

இதற்கு மேலும் நகரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. இதில் எல்லோரும் செய்யும் தவறு, “ஏன் இன்னும் தெருவிளக்கு போடவில்லை?” என்று கேட்பது. ஏன் என்கிற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. “என் மனு மீது இன்ன தேதி முதல் இன்று வரை எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். எங்கள் தெருவில் ஏழு மாதமாக எரியாத விளக்கு, இப்படிக் கேட்டு ஒன்பதாவது நாள் எரிந்தது. குறிப்பு எதுவும் எழுதப்படவே இல்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உள்ளாட்சியில் முறைகேடு என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் புகார் கொடுக்கலாம். இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது.

ஏற்காட்டில் ஆசை வைத்தவர்கள்

கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் தாண்டி மேலே போய்ப் பனியைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சின்ன வீடு வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது.

ஏற்காடு நகராட்சி அல்ல. ஊராட்சி ஒன்றியமும் அதன் கீழ் கிராம ஊராட்சிகளும்தான். ஆகவே கேள்வி கேட்கும் இடம் கிராம சபை. குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அங்கே வாக்காளராக இல்லாவிட்டாலும் ஒருமுறை ஓரமாக நின்று கேளுங்கள். தண்ணீரையும் ஓய்வு விடுதிகளையும் பற்றி மலைவாழ் மக்கள் பேசுவதைக் கேட்டால், எந்தச் சரிவில் வாங்கக் கூடாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சமவெளி அனுமதி இங்கே போதாது. மலைப்பகுதிகளுக்கென்று 1990-இல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், வழக்கில் ஹாகா என்பார்கள், அனுமதி வேண்டும். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் கருத்தைக் கேட்ட பிறகுதான் கோப்பு நகரும். மண் சரியுமா, நீர் எங்கே போகும், காட்டு எல்லை எவ்வளவு தூரம் என்பதற்காக இந்தச் சுற்று. எரிச்சல் வரும்தான். ஆனால் ஒரு கனமழைக்குப் பிறகு மலைச்சாலையில் உருண்டு கிடக்கும் பாறைகளைப் பார்த்த பிறகு எனக்கு அந்த எரிச்சல் போய்விட்டது.

காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கும் இடத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்கு கொடுத்தது. அது தோட்டமாக இருக்கும் வரைதான். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கல் நட்டு ‘பத்து சென்ட், ஏரிப் பார்வை’ என்று காட்டுகிறவரிடம் சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள், மற்றதை வட்டாட்சியர் அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசியாக ஒன்று, வழி. தோட்டத்துக்குள் போகும் சாலைகள் பல தனியாருடையவை. உங்கள் மனைக்குப் போகும் பாதையில் நடக்கவும் வண்டி கொண்டுபோகவும் உரிமை உண்டு என்று, பாதையின் சர்வே எண்ணையும் அகலத்தையும் போட்டு, உங்கள் கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நான் பார்த்த இடத்தில் அது எழுதப்படவில்லை. கேட்டதற்கு, “கேட் எப்போதும் திறந்துதான் சார் இருக்கும்” என்றார்கள். நாங்கள் கீழே இறங்கும்போது காவலாளி அந்தக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.